கர்னல் ரீடின் யோசனை

1948 ஜனவரி 31, சனிக்கிழமை. முந்தின நாள் மாலை தில்லியில் காந்தியைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். அன்று யமுனைக் கரையில் சிதை எரிந்துகொண்டிருந்தது. ஊர் ஊராக ஜனங்கள் வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதாகத் தொல்லியல் துறை குறித்துவைத்திருப்பதும் இதே தேதியைத்தான். ஓர் அருங்காட்சியகம் பிறப்பதற்கு இதைவிடக் கேட்பாரற்ற நாள் வாய்த்திருக்காது.

நாள் மட்டுமல்ல, காலமும் விசித்திரமானது. விடுதலை கிடைத்து ஐந்தரை மாதம்தான் ஆகியிருந்தது. பிரிட்டிஷ் படையின் கடைசிப் பிரிவு பம்பாய்த் துறைமுகத்தில் கப்பலேறியது அடுத்த மாதம் 28ஆம் தேதி. ஆண்டவர்களின் கடைசிச் சிப்பாய் இந்த மண்ணை விட்டுப் போவதற்குள்ளேயே அவர்களுடைய காலம் கண்ணாடிப் பேழைக்குள் ஏறிவிட்டது. ஆட்சி முடிந்து ஒரு தலைமுறை கழித்துத்தான் பொதுவாக அருங்காட்சியகம் கட்டுவார்கள். சென்னையில் மூட்டை கட்டும்போதே கட்டினார்கள்.

அந்த அவசரத்துக்குக் காரணம் ஒரு மனிதர். லெப்டினன்ட் கர்னல் டி. எம். ரீட், மெட்ராஸ் கார்ட்ஸ் முதல் பட்டாலியனைச் சேர்ந்தவர். மெட்ராஸ் கார்ட்ஸ் முழுநேரப் படை அல்ல. சென்னையில் வேலையிலும் வியாபாரத்திலும் இருந்த வெள்ளைக்காரர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் மற்ற நேரத்தில் சீருடை அணிந்து கவாத்து பழகிய துணைப்படை. 1857 கலகக் காலத்துப் பயத்தில் பிறந்த மரபு அது. ரீடுக்குக் கோட்டையின் மேல் தீராத பற்று. 1945இல் அதன் வரலாற்றை ஒரு புத்தகமாகவே எழுதினார். கோட்டையிலும் ஊரிலும் சிதறிக் கிடக்கும் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துப் பொருள்களையெல்லாம் ஒரே கூரையின் கீழ் சேர்க்க வேண்டும் என்று சொன்னவரும் அவர்தான். சொன்னதோடு நிற்காமல் சேகரிக்கவும் தொடங்கினார்.

அவர் மனத்தில் என்ன இருந்தது என்று ஊகிப்பது கடினமில்லை. 1940களின் நடுவில் சென்னையில் இருந்த எந்த ஆங்கிலேயருக்கும் முடிவு தெரிந்திருந்தது. வாடகை வீட்டைக் காலி செய்கிறவர் பரண்மேல் ஏறிப் பார்ப்பதைப் போல, எதை எடுத்துப் போவது, எதை விட்டுப் போவது, விட்டுப்போவதை யார் வைத்துக்கொள்வார்கள் என்ற கேள்வி எல்லோருக்கும் இருந்தது. மாடி மண்டபங்களில் தொங்கிய ஆளுயரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்கள், மெஸ்ஸில் இருந்த வெள்ளிப் பாத்திரங்கள், கலைக்கப்படவிருந்த பட்டாலியன்களின் கொடிகள், பதக்கங்கள், பழைய துப்பாக்கிகள். கப்பலில் இடமில்லை, இங்கிலாந்திலும் வாங்கிக்கொள்ள ஆளில்லை. ரீட் சேர்ந்திருந்த துணைப்படையே 1947இல் கலைக்கப்பட்டது. அவர் கனவு கண்ட அருங்காட்சியகம் திறப்பதற்குள் அவருடைய பட்டாலியனே அருங்காட்சியகப் பொருளாகிவிட்டது என்று சொன்னால் தப்பில்லை.

நினைவுச்சின்னம் எழுப்பத்தான் அவர் ஆசைப்பட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் பிறந்தது வேறொன்று. அதற்கு அந்தக் கட்டடம் ஒரு காரணம். இதே ஊரில் சிலைகளைச் சுற்றி நடந்த சண்டைகள் இன்னொரு காரணம்.

முதலில் கட்டடம். இன்று கோட்டைக்குள் போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் தலைமைச் செயலகத்துக்குப் போகிறார்கள். கையில் மனு, சட்டைப் பையில் அடையாள அட்டை, முகத்தில் யாரைப் பார்ப்பது என்ற குழப்பம். அவர்கள் கண்ணில் படாமல் நிற்கிற அகன்ற வெள்ளைக் கட்டடம் ஒன்று உண்டு. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பி 1795இல் முடித்தார்கள். அதன் பெயர் பப்ளிக் எக்ஸ்சேஞ்ச். வியாபாரிகளும் தரகர்களும் கப்பல் தலைவர்களும் கூடி விலை பேசுகிற இடம்.

அப்படி ஓர் இடம் ஏன் தேவைப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள, சென்னைக்குத் துறைமுகமே இல்லாத காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். பெரிய கப்பல்கள் கரையிலிருந்து விலகி நங்கூரமிட்டு நிற்கும். சரக்கும் ஆளும் கரைக்கு வர ஒரே வழி மசூலா படகு. ஆணி அடிக்காமல், பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துச் செய்த படகு. அலை அறையும்போது உடையாமல் வளைந்து கொடுப்பதற்காகத்தான் அந்தத் தையல். அவசரக் கடிதம் என்றால் கட்டுமரக்காரர் தலையில் உள்ள ஓலைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு அலையைத் தாண்டுவார். அன்று கடல் கோட்டையின் கிழக்குச் சுவர் அருகிலேயே புரண்டது. 1870களின் பிற்பகுதியில் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கிய பிறகுதான் அதற்குத் தெற்கே மணல் சேர்ந்து கடல் விலகிப் போனது, மெரினா அகன்றது. எக்ஸ்சேஞ்ச் கட்டிய நாளில் மாடியிலிருந்து பார்த்தால் எதிரே தண்ணீர்தான். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு, எப்போது திரும்பும் என்ற செய்திதான் அந்த ஊரின் மூலதனம். அந்தச் செய்தியை விற்க ஒரு மண்டபம் வேண்டாமா?

கீழே மெட்ராஸ் பேங்க். மேலே நீண்ட பெரிய கூடம். அங்கே ஏலம், பேரம், வியாபாரிகளின் கூட்டம், பரிசுச் சீட்டுக் குலுக்கல் எல்லாம் நடந்தன. ஆம், லாட்டரிதான். அந்தக் காலத்தில் ஊர்க் காரியங்களுக்கும் தர்ம காரியங்களுக்கும் பணம் திரட்டக் கம்பெனி ஆட்கள் தயங்காமல் எடுத்த வழி அது. இரண்டு நூற்றாண்டு கழித்து 2003இல், தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை போட்ட அரசாணை வந்ததும் அதே கோட்டைக்குள்ளிருந்துதான். இடையிலுள்ள தூரம் நடந்துபோகிற தூரம்.

1796இல் கட்டடத்தின் மொட்டைமாடியில் விளக்கு ஏற்றினார்கள். சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் அதுதான். தனிக் கோபுரம் எதுவும் எழுப்பவில்லை. வியாபாரக் கூடத்தின் உச்சியிலேயே ஒரு கூண்டு, அதற்குள் 12 விளக்குகள், ஊரில் கிடைத்த கண்ணாடிகள், தேங்காய் எண்ணெய். சோழமண்டலக் கரையை இருட்டில் நெருங்கிய மாலுமிக்குச் சென்னை என்றால் தேங்காய் எண்ணெய்ச் சுடர். 1844இல் இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள உயரமான கல் தூணுக்கு விளக்கு மாறியது, 1894இல் நீதிமன்றக் கட்டடத்தின் கோபுரத்துக்கு, 1977இல் மெரினாவுக்கு. ஊருக்கு வழிகாட்டிய முதல் வெளிச்சம் எக்ஸ்சேஞ்ச் மாடியில் இருந்தது என்பதைத் தூணைப் பார்த்து வியக்கிறவர்கள் பெரும்பாலும் அறிவதில்லை.

கட்டடத்தின் முதல் வாழ்க்கை நீளவில்லை. 19ஆம் நூற்றாண்டு பிறந்ததும் வியாபாரம் கோட்டையை விட்டு வெளியேறிக் கருப்பர் நகரத்தின் கடற்கரையோரத் தெருவுக்குப் போனது. பாரி போன்ற கம்பெனிகள் அங்கே கால் ஊன்றின. பேங்கும் போனது, பேரமும் போனது. மிஞ்சியது நல்ல காற்றோட்டமுள்ள ஒரு மாடி. அது பட்டாள அதிகாரிகளின் மெஸ் ஆனது. விலை கூவிய கூடத்தில் சாப்பாட்டு மேசையும் ஒயின் கோப்பையும் வந்தன. சுவரில் படங்கள் ஏறின. ரீட் காலத்தில் அங்கே பட்டாளமும் தேய்ந்தது. ஆக, இரண்டு முறை குடித்தனம் காலியான வீடு அது.

இப்போது சிலைகளின் கதை. இந்த அருங்காட்சியகத்தின் உண்மையான விதை இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

மவுண்ட் ரோட்டில் ஸ்பென்சர் பக்கம் கர்னல் நீலுக்கு ஒரு சிலை இருந்தது. மெட்ராஸ் ஃபியூஸிலியர்ஸ் படையோடு வடக்கே போய், 1857இல் அலகாபாத் வழியெங்கும் ஆட்களைத் தூக்கில் தொங்கவிட்டவர். லக்னோவில் சுடப்பட்டுச் செத்தவர். 1927இல் அந்தச் சிலையை அகற்றச் சொல்லி சத்தியாக்கிரகம் நடந்தது. கோடரி, சுத்தியலோடு போனவர்கள் சிறைக்குப் போனார்கள். காங்கிரசும் பேசியது, காந்தியும் பேசினார். சிலை அசையவில்லை. பத்து வருடம் கழித்து, 1937இல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை வந்ததும் அதை அகற்றினார்கள். உடைக்கவில்லை, எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவைத்தார்கள்.

எவ்வளவு சாமர்த்தியமான முடிவு என்று பாருங்கள். தெருவில் நின்றால் மரியாதை. கிடங்கில் போட்டால் அவமதிப்பு. அருங்காட்சியகத்தில் நிறுத்தினால் சான்று. கோபக்காரர்களுக்கும் பதில் சொல்லியாயிற்று, கவர்னருக்கும் பதில் சொல்லியாயிற்று. சுதந்திர இந்தியா தன் பழைய எஜமானர்களின் சிலைகளையும் படங்களையும் என்ன செய்யப் போகிறது என்ற கேள்விக்குச் சென்னை பத்தாண்டு முன்பே ஒரு விடை கண்டுபிடித்திருந்தது. கர்னல் ரீட் தன் கூடத்தை நினைவாலயமாகப் பார்த்திருக்கலாம். அதைப் பெற்றுக்கொண்டவர்களுக்கு நீல் சிலையின் கணக்கு நினைவில் இருந்திருக்கும்.

கோட்டை அருங்காட்சியகத்தில் இப்படி வந்து சேர்ந்த விருந்தாளிகளில் முதல்வர் கார்ன்வாலிஸ். நுழைந்ததும் தரைத்தளத்தில் நிற்கிறார், பளிங்கில், பதினாலு அடிக்கு மேல் உயரத்தில். அமெரிக்காவில் 1781இல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்த அதே கார்ன்வாலிஸ்தான். அங்கே தோற்றவர் இங்கே கவர்னர் ஜெனரலாக வந்து, 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசலில் திப்பு சுல்தானைப் பணியவைத்தார். பாதி ராஜ்யம் போனது. பாராமஹாலும் திண்டுக்கலும் கம்பெனி கைக்கு வந்தது அந்த உடன்படிக்கையால்தான். முந்நூற்று முப்பது லட்சம் ரூபாய் அபராதம் வேறு. அது கட்டி முடியும்வரை பணயமாகத் திப்புவின் இரண்டு பிள்ளைகள், பத்து வயதும் எட்டு வயதுமாக. சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு 1794 வரை இருந்தார்கள்.

மகிழ்ச்சி தாங்காத சென்னை வெள்ளைக்காரர்கள் பணம் வசூலித்து இங்கிலாந்தில் தாமஸ் பேங்க்ஸ் என்ற சிற்பியிடம் சிலை செய்யச் சொன்னார்கள். 1800இல் அது வந்து சேர்ந்தது. பீடத்தைச் சுற்றிச் செதுக்கியிருப்பது அந்தப் பிள்ளைகளை ஒப்படைக்கும் காட்சி. அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் மேலே அண்ணாந்து லார்டின் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். குனிந்து பீடத்தைப் பார்க்க வேண்டும். இந்தச் சிலை எதற்காகச் செய்யப்பட்டது என்பது அங்கேதான் இருக்கிறது. ஒரு தகப்பன் தன் பிள்ளைகளைக் கைமாற்றிக் கொடுத்ததை வெற்றிச் சின்னமாகப் பளிங்கில் வெட்டி நடுக்கோட்டையில் வைக்கலாம் என்று ஒரு காலம் நினைத்தது. அதைப் பார்த்து யாரும் கூசவில்லை.

கார்ன்வாலிஸ் முதலில் கோட்டை மைதானத்தில் ஒரு குவிமாட மண்டபத்தின் கீழ் நின்றார். அந்த மண்டபம் இன்றும் அங்கே ஆளில்லாமல் நிற்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவரைத் தேனாம்பேட்டைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவர் நினைவாகக் கட்டியிருந்த கல்லறை மண்டபத்தால்தான் செனடாஃப் சாலைக்கு அந்தப் பெயர். 1920களில் கடற்கரைக்கு, பென்டிங்க் கட்டடத்துக்கு எதிரே. அங்கே உப்புக் காற்று பளிங்கை அரித்தது. ஆகவே எழும்பூரில் கன்னிமாரா நூலகத்துக்கு. விடுதலைக்குப் பின் திரும்பவும் கோட்டைக்கு, இந்த முறை வெயில் படாத கூடத்துக்கு. இந்தியாவையே பிடித்துக் கொடுத்தவர் என்று ஒருகாலம் கொண்டாடிய மனிதருக்கு ஊரில் நிரந்தரமாக ஓர் இடம் கிடைக்க ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

மற்றவை பல திசைகளிலிருந்து வந்தன. கோட்டைக்குள்ளேயே 1680 முதல் நிற்கும் புனித மேரி தேவாலயம் தன் வெள்ளிப் பாத்திரங்களைக் கொடுத்தது. அரசு கொடுத்தது. அரசு விருந்து மண்டபமாக இருந்து 1948இல் ராஜாஜி மண்டபம் என்று பெயர் மாறிய கூடத்தின் சுவர்களிலிருந்து இறங்கிய பெரிய ஓவியங்களும் கடைசியில் இங்கே வந்தன. எழும்பூர் அருங்காட்சியகம் கொடுத்தது. தனிப்பட்டவர்களும் கொடுத்தார்கள். இன்று பதிவேட்டில் ஏறியிருப்பவை 3,600க்கு மேல். ஆயுதங்கள், சீருடைகள், பதக்கங்கள், நாணயங்கள், கடிதங்கள், பீங்கான், தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் தென்னிந்தியாவைச் சுற்றி வரைந்த காட்சிகளின் அச்சுப் படங்கள்.

எல்லாவற்றையும் பட்டியலிட்டுப் பயனில்லை. இரண்டு பொருள்களை மட்டும் சொல்கிறேன். ஒன்று, ஒரு மரக்கூண்டு. நாய்க்கூண்டு என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். 1840இல் முதல் அபினிப் போரின்போது மெட்ராஸ் பீரங்கிப் படையைச் சேர்ந்த கேப்டன் பிலிப் ஆன்ஸ்ட்ருதரைச் சீனர்கள் பிடித்து, கால் நீட்ட முடியாத அந்தக் கூண்டுக்குள் அடைத்துவைத்தார்கள். அவர் உயிரோடு திரும்பினார்; கூண்டும் வந்தது. கம்பெனி பயிரிட்டு விற்ற அபினிக்காக மெட்ராஸ் சிப்பாய்கள் சீனத்துக்குக் கப்பலேறினார்கள் என்பதைப் பாடப்புத்தகம் நமக்கு அழுத்திச் சொன்னதில்லை. அந்த நாலு பலகை சொல்கிறது, வேறு கோணத்தில். கூண்டில் அடைபட்டது வெள்ளைக்காரர் என்பதால் அது பத்திரப்படுத்தப்பட்டது. அவருடன் போன தமிழ், தெலுங்குச் சிப்பாய்கள் பட்ட பாட்டுக்கு அடையாளமாக யாரும் எதையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வரவில்லை.

இன்னொன்று, ஒரு குண்டுச் சில்லு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைக் கடலில் வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. பட்டணத்தில் பாதிப்பேர் மூட்டை முடிச்சோடு ஊர்ப்பக்கம் ஓடியதாகப் பாட்டிமார் சொன்ன கதை இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. அந்த ராத்திரியின் இரும்புத் துண்டு கையகலத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. ஆளுநர்களின் ஓவியங்களைவிட அதன் முன் நிற்கிறவர்கள் அதிகம். நியாயம்தானே.

இவையெல்லாம் போய்ச் சேர்ந்தது தொல்லியல் துறையிடம். அது அப்போது மார்ட்டிமர் வீலரின் துறை. 1944இல் தலைமை இயக்குநராக வந்த அவரும் ஒரு ராணுவ ஆள். அரிக்கமேட்டில் அகழ்ந்து ரோமானிய வணிகத்தை வெளிக்கொண்டு வந்தவர். துறைக்குள் அருங்காட்சியகங்களுக்கென்று தனிப் பிரிவு பிறந்ததும் அவர் காலத்தில், 1946இல். 1948 ஏப்ரலில் அவரும் பதவியை விட்டுப் போனார். கோட்டை அருங்காட்சியகம் திறந்தது அதற்கு மூன்று மாதம் முன்பு. யோசனை சொன்ன கர்னலும் போகப்போகிறவர், துறையை நடத்திய பிரிகேடியரும் போகப்போகிறவர். பெற்றுக்கொண்டது புதிய நாடு. கொடுத்தவர்கள் எந்த அர்த்தத்தில் கொடுத்தார்களோ, அதே அர்த்தத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய கடமை வாங்கியவர்களுக்கு இல்லை.

அந்தச் சுதந்திரத்தைப் புதிய நாடு உடனே பயன்படுத்திக்கொண்டதா என்றால், இல்லை. பல ஆண்டுகள் ரீட் விரும்பியபடியேதான் அது இருந்தது. மாடிக் கூடம் ஓவியக் கூடமானது. வியாபாரிகள் விலை கூவிய, அதிகாரிகள் சாப்பிட்ட அதே நீண்ட மண்டபத்தில் விக்டோரியா மகாராணி, ஆளுநர்கள், தளபதிகள், ஆர்க்காட்டு நவாப். மேற்கத்திய எண்ணெய் ஓவியங்கள் கடற்கரை ஈரத்தில் படுகிற பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். கார்ன்வாலிஸைக் கடற்கரையிலிருந்து துரத்திய உப்பு, கோட்டைச் சுவரைத் தாண்டி வராதா என்ன? பழைய கட்டடத்தில் அருங்காட்சியகம் வைப்பதன் பெருமையைப் பேசுகிறவர்கள் இந்தச் செலவைக் கணக்கில் எடுப்பதில்லை. சுண்ணாம்புச் சுவர் தண்ணீர் குடிக்கும். துணியும் கான்வாஸும் அதைத் தாங்காது. புதுக் கட்டடமென்றால் சுவரை உடைத்துக் குழாய் பதிக்கலாம். இங்கே கட்டடமே முதல் காட்சிப்பொருள். அதன்மேல் கை வைக்க முடியாது.

ஒரு மாறுதல் வந்தது 2013இல். 1947 ஆகஸ்ட் 15 விடியற்காலை 5.05 மணிக்குக் கோட்டைக் கொடிமரத்தில் ஆயிரக்கணக்கானவர் பார்க்க ஏற்றிய மூவர்ணக் கொடி, பட்டுத்துணியில் 12 அடிக்கு 8 அடி, இத்தனை காலமும் இதே அருங்காட்சியகத்தின் வசம்தான் இருந்தது. உள்ளே சேமிப்பில். அந்த நாளில் நாட்டில் ஏற்றிய கொடிகளில் இன்று எஞ்சியிருப்பது இது ஒன்றுதான் என்று தொல்லியல் துறையினர் சொல்கிறார்கள். அது பறந்த தேக்குக் கம்பத்தைக்கூட 1994இல் எடுத்துவிட்டு எஃகுக் கம்பம் நட்டாயிற்று. 2013 குடியரசு தினத்தன்று கொடியை வெளியே எடுத்து, ஈரத்தை உறிஞ்சச் சிலிக்கா ஜெல் வைத்த கண்ணாடிப் பேழையில், மங்கிய வெளிச்சத்தில் விரித்தார்கள்.

அறுபத்தைந்து வருடம் ஏன் ஆயிற்று என்று கோபப்படலாம். ஆனால் உள்ளே இருட்டில் மடிந்து கிடந்ததால்தான் அது பிழைத்தது என்பதும் உண்மை. பட்டுக்கு வெளிச்சம் எமன். எனக்குச் சுவையாகப் படுவது வேறு. ஆங்கிலேயர்களின் நினைவுப் பொருள்களுக்காக ஓர் ஆங்கிலேயர் யோசித்த இடம், அவர்களுடைய கொடி இறங்கியபின் ஏறிய கொடியைப் பொத்திக் காத்திருக்கிறது. கர்னலின் பட்டியலில் அது இருந்திருக்காது. இருந்தும் இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வருகிற ஆசிரியர்கள் முதலில் காட்டுவது அதைத்தான். கார்ன்வாலிஸ் வழியில் நிற்கிற பெரிய கல்.

குறை இல்லையா என்றால் உண்டு. கோட்டையைக் கட்டியவர்களும் அதில் சாப்பிட்டவர்களும் மட்டுமே சென்னை அல்ல. எக்ஸ்சேஞ்ச் எழும்பிய அதே காலத்தில் கவர்னர் ஹாலண்டையும் அவர் தம்பியையும் தன் விரலில் சுற்றிவைத்திருந்த துபாஷி, அதாவது மொழிபெயர்ப்புத் தரகர், அவதானம் பாப்பையா, பிறகு கவிழ்ந்து 1792இல் வழக்கு மன்றத்தில் நின்றவர். சூளையில் அவர் பெயரில் ஒரு தெரு உண்டு. அந்த மாடிக் கூடத்தில் அவரைப் போன்றவர்களைத் தேட வேண்டாம். எந்தத் துணியை வாங்கக் கம்பெனி இந்த மணல்மேட்டுக்கு 1639இல் வந்ததோ, அந்தத் துணியை நெய்தவர்களும் சாயம் தோய்த்தவர்களும் அங்கே வரலாற்றின் ஓரத்தில்கூட நிற்கவில்லை. சேர்த்தவர் கையில் கிடைத்தது அதிகாரிகளின் வீட்டுச் சாமான். ஆகவே அதிகாரிகளின் ஊர்தான் உள்ளே இருக்கிறது. இதை ரீடின் குற்றமாகச் சொல்ல மாட்டேன். அவர் தன் ஆட்களின் சாமானைச் சேர்த்தார். அடுத்து சேர்த்திருக்க வேண்டியவர்கள் நாம்.

என்னைக் கேட்டால் ஒரு மசூலா படகை அங்கே கொண்டுவந்து வைப்பேன். எக்ஸ்சேஞ்சில் பேரம் பேசிய ஒவ்வொரு மூட்டையும் அதில்தான் கரையேறியது. துறைமுகம் இல்லாத காலத்தில் கடல்வழியாக வந்த கவர்னர்களும் அதில் ஏறித்தான் இந்த ஊர் மண்ணை மிதித்தார்கள்; கார்ன்வாலிஸின் பளிங்கும் துண்டாகவோ முழுதாகவோ அலைமேல் தூக்கிப் போடப்பட்டுத்தான் வந்திருக்க வேண்டும். நார் கொண்டு தைக்கிற கை இன்னும் நம் கிழக்குக் கரையில் அடியோடு அற்றுப்போகவில்லை. பழைய படகு கிடைக்காவிட்டால் செய்யச் சொல்லலாம். ஏறத்தாழ முப்பதடி நீளம் வரும். மாடிப்படி ஏறாது, தரைத்தளத்தில்தான் வைக்க வேண்டும். லார்டைக் கொஞ்சம் தள்ளி நிறுத்த வேண்டியிருக்கும். அவருக்கு அது பழக்கம்தான்.